வெட்டுவது நொடியில், ரெண்டரிங் ஏன் மணிக்கணக்கில்?

பதிவுசெய்த எச்.டி. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளம்பரத்தை மட்டும் நீக்கினாலும் வீட்டுக் கணினி ஏன் இவ்வளவு நேரம் திணறுகிறது?

1920×1080 அளவுள்ள ஒரு சட்டகத்தில் சுமார் 20.7 லட்சம் படப்புள்ளிகள். நொடிக்கு 30 சட்டகங்களைச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் வேண்டும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.சி. தொலைக்காட்சித் தரத்தில் ஓர் ஒளிபரப்புத் தடம் நொடிக்குச் சுமப்பதோ சுமார் 1.94 கோடி பிட்டுகள்தான். அதனால் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில் சில சட்டகங்களே முழுப்படம். மற்றவை முன்பின் சட்டகங்களிலிருந்து மாறியதை மட்டும் குறிப்பவை.

நடுவில் வெட்டினால் இவை ஆதாரத்தை இழக்கின்றன. எனவே பல மென்பொருள்கள் முழுப் பதிவையும் விரித்து மீண்டும் சுருக்குகின்றன. நேரம் போவது இந்த ரெண்டரிங்கில்தான்; தரமும் சற்றுக் குறையும்.

வெட்டிய இடத்தை ஒட்டிய சட்டகங்களை மட்டும் மறுபடி சுருக்கும் ‘ஸ்மார்ட் ரெண்டரிங்’ வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நேரமும் மிஞ்சும், படத்தின் தெளிவும் பெரும்பாலும் குறையாது.