சீ பிரீம் மீனும் ஜிலேபியும்: மூக்கைப் பார்த்து வாங்குங்கள்

(வானொலிப் பேச்சு)



நெல் வயலில் குதிரைவாலிப் புல் முளைத்து நிற்கிறது. இளசிலே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் களையெடுக்கிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இலையும் தண்டும் சேருகிற இடத்தைப் பிரித்துப் பார்ப்பார். நெல்லில் அங்கே மெல்லிய ஜவ்வு போல ஒரு நாக்கு இருக்கும். குதிரைவாலியில் இருக்காது. அவ்வளவுதான், வேறு படிப்பு வேண்டாம். ஓர் அடையாளம் உறுதியாகத் தெரிந்தால் போதும்.

மீன் வாங்குவதிலும், மீன் குஞ்சு விடுவதிலும் இதே கதைதான். சென்ற மழைக்காலத்தில் திருமுல்லைவாயிலில் என் வீட்டுக்கு ஒரு விவசாயி வந்தார். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு பக்கம் உவர்நீர்க் குளம் வைத்திருப்பவர். கையிலே ஒரு தூக்குவாளி. அதிலே விரல் நீளத்துக்குக் குஞ்சுகள்.

"சார், சீ பிரீம் குஞ்சுன்னு சொன்னாங்க. பாதிப் பணம் குடுத்துட்டேன். மீதியைக் குடுத்துட்டு மொத்தத்தையும் இறக்கிடலாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, பார்த்துச் சொல்றேன்" என்றேன். நான் என்ன பார்த்தேன் என்பதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், சீ பிரீம் என்றால் என்ன? கடலிலும் கழிமுகத்திலும் வாழ்கிற ஒரு பெரிய மீன் குடும்பத்தின் பெயர் அது. விஞ்ஞானிகள் இதை ஸ்பாரிடே குடும்பம் என்பார்கள். கிரீஸ், துருக்கி போன்ற நாடுகளில் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றைக் கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். ஜப்பானில் சிவப்பு நிறத்தில் இன்னொரு வகையை வளர்க்கிறார்கள். நம் பக்கத்து உவர்நீரில் கிடைக்கிற வகைக்கு அகாந்தோபாக்ரஸ் பெர்டா என்று பெயர். பெயர் நீளம்தான், பயப்படாதீர்கள். கிரேக்க மொழியில் 'அகாந்தா' என்றால் முள். இந்த மீனைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் புரியும். செங்கடல் பக்கம் ஆராய்ச்சிக்குப் போன ஃபோர்ஸ்கோல் என்பவர் எழுதி வைத்து, அவர் இறந்த பிறகு 1775ல் வெளிவந்த நூலில்தான் இதற்கு 'பெர்டா' என்ற பெயர் அச்சேறியது.

ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான். கேரளத்தில் இதைக் 'கறுத்த ஏரி' என்கிறார்கள். நம் காதுக்கு அது மழைத் தண்ணீர் நிற்கிற ஏரியாகக் கேட்கும்! ஆங்கிலத்தில் 'பிரீம்' என்று முடிகிற பெயரெல்லாம் இந்தக் குடும்பமும் இல்லை. வால் நுனியில் நூல் தொங்குகிற இளஞ்சிவப்பு மீன் ஒன்றுக்கும் 'பிரீம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது வேறு குடும்பம். ஆகவே பெயரைக் கேட்டு ஏமாறாமல், உடம்பைப் பார்க்கப் பழக வேண்டும்.

சரி, எப்படிப் பார்ப்பது? வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, மூக்கு. மீனுக்கு மூக்கா என்று சிரிக்காதீர்கள். கண்ணுக்கு முன்னால் பாருங்கள். சீ பிரீமுக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு துளை இருக்கும். ஜிலேபிக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரே துளைதான். கேரளத்தார் கரிமீன் என்று சொல்கிறார்களே, அதற்கும் ஒற்றைத் துளைதான். விரல் நீளக் குஞ்சில் ஒரு பூதக்கண்ணாடி வைத்தால் இது நன்றாகத் தெரியும்.

இரண்டு, பக்கக் கோடு. செவுளில் இருந்து வால் வரைக்கும் உடம்பின் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். சீ பிரீமில் அது அறுபடாமல் ஒரே கோடாகப் போகும். ஜிலேபியில் அது நடுவிலே அறுந்து, கீழே இறங்கி, மறுபடி தொடங்கும்.

மூன்று, முதுகு முள். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் உள்ள கெட்டியான முட்களை எண்ணுங்கள். சீ பிரீமில் பெரும்பாலும் 11 இருக்கும். ஜிலேபியில் 15க்குக் குறையாது.

நான்கு, பல். இது வளர்ந்த மீனில் பார்க்க வேண்டியது. வாயைத் திறந்தால் முன்னாலே கூரான பற்கள் இருக்கும். உள்ளே நம் கடைவாய்ப் பல் மாதிரி உருண்டையான பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். நண்டு, சிப்பி, நத்தை ஓட்டை நொறுக்கித் தின்பதற்காக அமைந்த பற்கள் இவை. ஜிலேபிக்கு இந்த உருண்டைப் பற்கள் வாய்க்குள் கிடையாது.

சீ பிரீம் குடும்பம்தான் என்று உறுதியான பிறகு, அதிலே எந்த வகை என்று பார்க்க வேண்டும். நம் கரையில் இரண்டு வகையைச் சேர்த்துக் குழப்புவார்கள். ஒன்று நான் சொன்ன பெர்டா. உடம்பு சாம்பலும் கறுப்புமாக இருக்கும். இன்னொன்று ராப்டோசார்கஸ் சார்பா. இது வெள்ளியாகப் பளபளக்கும், செதில் வரிசையோடு பொன் நிறக் கோடுகள் ஓடும், வயிற்றுப் பக்கத் துடுப்புகள் மஞ்சளாக இருக்கும். ஆனால் ஐஸில் கிடந்த மீனில் நிறம் மங்கிவிடும். அப்போது மலத்துவாரத்துக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பைப் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் முன்னால் 3 முட்கள் உண்டு. பெர்டாவில் இரண்டாவது முள் மட்டும் தடித்து, நீண்டு, ஆணி போல நிற்கும். அதற்குப் பின்னால் மெல்லிய கதிர்கள் 8 அல்லது 9 இருக்கும். சார்பாவில் இரண்டாவது முள் அப்படித் தனியாகப் பெருத்து நிற்காது. மெல்லிய கதிர்களும் 11 அளவில் இருக்கும்.

இந்த மீனைப் பற்றி இன்னொரு செய்தி. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பெர்டா இளம் வயதில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெரும்பாலும் பெண்ணாக மாறுகிறது. அப்படியானால் பெரிய மீன்களில் அதிகமும் தாய் மீன்கள்தான். கழியிலே பெரியதை எல்லாம் அரித்து எடுத்துவிட்டால் முட்டையிட ஆள் இருக்காது. விதை நெல்லை விற்றுச் சாப்பிட்ட கதையாகிவிடும். கர்நாடகத்தில் கார்வாரில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த மீனைச் செயற்கை முறையில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். அப்படிப் பொரிப்பகத்தில் எடுத்த குஞ்சைத் தேடி வாங்குவது நல்லது. கழியில் வலை போட்டு அள்ளிய குஞ்சில் எது கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது உப்புத் தண்ணீர் மீன். உங்கள் நல்ல தண்ணீர்க் குட்டைக்குக் கட்லா, ரோகு, மிர்கால் போதும். யாராவது ஆசை காட்டினார்கள் என்று நெல் விளைகிற நிலத்தில் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்காதீர்கள். நிலம் கெடும், பக்கத்துக் கிணறும் கெடும். விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கடலோரத்தில் உவர்நீர்ப் பண்ணை வைப்பவர்களும் 2005ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். உவர்நீர் மீன் வளர்ப்பில் சந்தேகம் இருந்தால், சென்னையில் 1987 முதல் இயங்கி வரும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் கேளுங்கள். முட்டுக்காட்டிலும் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது.

இனி அந்தத் தூக்குவாளிக்கு வருகிறேன். ஒரு குஞ்சை உள்ளங்கையில் தண்ணீரோடு எடுத்தேன். கண்ணுக்கு முன்னால் பூதக்கண்ணாடியை வைத்தேன். ஒற்றைத் துளை. பக்கக் கோடு நடுவிலே அறுந்திருந்தது. பத்துக் குஞ்சு எடுத்துப் பார்த்தோம். பத்தும் ஜிலேபி! 1952ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்த மீனின் வம்சம் இன்று கழி, குளம், குட்டை எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. உப்பையும் தாங்கும். குளத்தில் விட்டால் சில மாதத்தில் குட்டி போட்டது போலப் பெருகி, ஒன்றும் பெரிதாக வளராமல், போட்ட தீனியை எல்லாம் தின்று தீர்த்துவிடும்.

அவர் முகம் வாடிப் போய்விட்டது. "குடுத்த பணம் போனது போனதுதானா சார்?" என்றார். அது திரும்பி வரவில்லை. ஆனால் மீதிப் பணமும் தப்பியது, குளமும் தப்பியது. போகும்போது அந்தப் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார்.

நீங்கள் பணம் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். இரண்டு துளை, அறுபடாத கோடு, 11 முள். இந்த மூன்றையும் மனதில் வையுங்கள்.