ஆர்தர் பேஜும் பொதுஜனத் தொடர்பும்

பொதுஜனத் தொடர்பு என்னும் உத்தியோகம் ஒரு கம்பெனியின் குறைகளை மறைத்து நிறைகளைப் பறைசாற்றுவதேயாம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. ஆயினும், அதற்கு வேறோர் இலக்கணம் வகுக்க முயன்றவர் அமெரிக்கராகிய ஆர்தர் பேஜ் (1883–1960). பத்திரிகைத் தொழிலை நாடும் நம் மாணவர் இவர் வரலாற்றை அறிதல் நன்று.

இவர் தந்தையார் வால்ட்டர் ஹைன்ஸ் பேஜ், அட்லாண்டிக் மந்த்லி என்னும் மாதப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர். 1900-ல் டபிள்டே என்பாருடன் கூடிப் புத்தகப் பிரசுராலயம் ஒன்றை நிறுவி, வோர்ல்ட்ஸ் வொர்க் என்னும் சஞ்சிகையையும் தொடங்கினார். மைந்தர் 1905-ல் ஹார்வர்டில் பட்டம் பெற்றதும் அப்பிரசுராலயத்திலேயே வேலைக்கு அமர்ந்தார். 1913-ல் தந்தையார் ஸ்தானாபதியாய் லண்டன் செல்லவே, சஞ்சிகையின் பொறுப்பு இவர்மேல் வந்தது.

1927-ல் அமெரிக்கன் டெலிபோன் அண்டு டெலிகிராப் கம்பெனியின் தலைவர் கிஃபோர்ட் இவரை உபதலைவர் பதவிக்கு அழைத்தார். வெறும் விளம்பரம் எழுதுவதற்காயின் தாம் வேண்டாம் என்பதும், கொள்கை வகுக்கும் இடத்தில் தம் குரலும் கேட்கப்பட வேண்டும் என்பதும் பேஜின் நிபந்தனை. அக்காலத்தில் பல ஊர்களில் டெலிபோன் வேண்டுவோர்க்கு அக்கம்பெனியை அன்றி வேறு கதியில்லை. ஊரில் ஒரே கடையாயின் கடைக்காரன் யார் தயவையும் நாடான் என்று நமக்குத் தோன்றும். பேஜோ, ஜனநாயக நாட்டில் எவ்வியாபாரமும் ஜனங்களின் அனுமதியால் தொடங்கி அவர்கள் சம்மதத்தால் நிலைப்பது என்றார். ஆகவே, செயலைத் திருத்திய பின்னரே சொல்லைத் தேடவேண்டும். ஜனங்களோடு பேசும் ஒவ்வோர் ஊழியரும் இவ்வேலையில் பங்காளியே.

அவ்வாண்டே, மிகுந்த லாபம் தம் நோக்கமன்று, குறைந்த செலவில் சிறந்த சேவையே நோக்கம் என்று கிஃபோர்ட் டல்லாஸ் நகரில் பிரகடனம் செய்தார். ஆயினும், பின்வந்த பொருளாதார மந்த காலத்தில் ஊழியர் பல்லாயிரவர் வேலையிழக்க, பங்கொன்றுக்கு 9 டாலர் லாபப்பங்கு மட்டும் குறையாமல் கொடுக்கப்பட்டு வந்தது! கொள்கை மேடையில் பேசுவதினும் கணக்குப் புத்தகத்தில் காப்பது அரிது போலும்.

யுத்த காலத்தில், யுத்த மந்திரியும் இவர் நண்பருமாகிய ஸ்டிம்சன் இவர் உதவியை நாடினார். அணுகுண்டு வீசப்பட்ட செய்தியை உலகுக்கு அறிவித்த ஜனாதிபதி ட்ரூமனின் 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அறிக்கைக்கு நகல் தயாரித்ததில் முக்கிய பங்கு பேஜினுடையது. குண்டின் வலிமை 20,000 டன் வெடிமருந்தினும் மிக்கது என்றும், ஹிரோஷிமா ஜப்பானியரின் முக்கியமான ராணுவத் தளம் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அந்நகரில் குடியிருந்த ஜனங்களைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.