குழுவாடல் மகளிரும் திரை நடிப்பும்

திரைப்படத்தில் ஆடுவோர் இருவகையினர். தனித்து நின்று ஆடுவோர் ஒருசாரார். அவர் பின்னே நிரல்பட நின்று ஆடுவோர் மற்றொரு சாரார். பின்னவரைக் ‘குரூப் டான்சர்’ என்று திரைத்தொழிலார் வழங்குவர். குழுவாடல் மகளிர் என்று அவரை ஈண்டு நாம் குறிப்போம். இவருள் சிலர் பின்னாளில் உரையாடி நடிக்கும் நடிகையராக உயர்ந்தனர். ஆடத் தெரிந்தவள் நடிக்கவும் வந்துவிட்டாள் என்று உலகம் இதனை எளிதிற் கூறிவிடும். ஆடல் வேறு, நடிப்பு வேறு என்னும் எண்ணம் அக்கூற்றினுள் மறைந்து நிற்கின்றது. அது தமிழ் மரபுக்கு ஒக்குமா என்பதும், ஒவ்வாதாயின் அம்மகளிர் கடந்த எல்லைதான் யாது என்பதும் ஆராயத்தக்கன.

பழந்தமிழ் மரபு

சங்கப் பாடல்களிற் காணப்படும் விறலி, உள்ளத்துணர்வு உடலிற் புலப்பட ஆடுபவள் ஆதலின் அப்பெயர் பெற்றாள். விறல் என்பது மெய்ப்பாடு. மெய்ப்பாடின்றி ஆடுவது ஆடலாகாது என்பது பெயரிலேயே பெறப்படுகின்றது. ஆகவே நடிப்பு என்பது ஆடலுக்குப் புறத்தே இருந்து வந்து சேர்வதன்று. அதன் அகத்தே உள்ளதாகும்.

குழுவாடலுக்கும் இஃது ஒக்கும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை மதுரையின் மதிற்புறத்தே அமைந்த ஆயர்பாடியில் நிகழ்வது. தீய நிமித்தங்கள் கண்டு அஞ்சிய மாதரி, கன்னியர் எழுவரை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை அவர்க்கு இடுகின்றாள். குரலாக நின்றவள் மாயவனாகவும், இளியாக நின்றவள் பலதேவனாகவும், துத்தமாக நின்றவள் பின்னையாகவும் கொள்ளப்படுகின்றனர். இங்கே குழுவில் ஆடுபவளே வேடமும் ஏற்கின்றாள். கைகோத்து ஆடும் எழுவருள் பெயரில்லாதவள் ஒருத்தியும் இலள் என்பதும் கருதத்தக்கது.

அரங்கேற்று காதை மற்றொரு நிலையைக் காட்டுகின்றது. மாதவி ஆடும் அரங்கில் தோரிய மடந்தையர் வாரம் பாடுகின்றனர். முன்பு ஆடி முதிர்ந்து, பின்பு பாடும் தொழிலை மேற்கொண்டவர் இவர் என்பது உரையால் விளங்கும். மாதவியோ தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். இவ்வரங்கில் முன்னிடமும் பின்னிடமும் உண்டு. எனினும் பின்னிடம் ஆடி நிறைந்தவர்க்கு உரியது. திரைப்படத்திலோ அவ்விடம் பெரும்பாலும் ஆடத் தொடங்குவோர்க்கு உரியதாயிற்று. பட்டறிவுக்கு இருந்த பெருமை அவ்விடத்தினின்று நீங்கிவிட்டது என்க.

மதுரை நாடகமேடை

சங்கரதாச சுவாமிகள் (1867–1922) 1918ஆம் ஆண்டில் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் பெண் வேடங்களைச் சிறுவரே தாங்கினர். ஆயின் அவர் நாடகங்களையே ஆடி வளர்ந்த ‘ஸ்பெஷல் நாடக’ மரபில் பெண்டிர் தாமே மேடையேறினர். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்த் திருவிழாக்களில் இந்நாடகம் இரவெல்லாம் நடைபெறும். நிலையான குழு என்பது இதற்கு இல்லை. கலைஞர் தனித்தனியே ஒரிரவுக்கு அமர்த்தப்படுவர். முற்பகுதியில் பபூனும் ஆட்டக்காரியும் தோன்றுவர். பின்னரே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கதையைத் தொடங்குவர்.

இங்கே ஆட்டக்காரி வெறுமனே ஆடி ஒழிவதில்லை. பபூனோடு சொல்லுக்குச் சொல் எதிர்மொழி கூறுகின்றாள். நாணம், சினம், எள்ளல் ஆகியவற்றை முகத்திற் காட்டுகின்றாள். அஃதாவது அவள் நடிக்கின்றாள். இருந்தும் மதிப்பு முறையில் அவள் ஸ்திரீபார்ட்டுக்குக் கீழே வைக்கப்படுகின்றாள். இருவரையும் பிரிப்பது திறமன்று; கதைக்குள் இடம் உண்டா, இல்லையா என்பதே.

திரையின் இயல்பு

1948ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைக் கண்டவர் குழுவாடலின் அழகையும் அதன் கொடுமையையும் ஒருங்கே உணர்வர். நூற்றுக்கணக்கானோர் ஆடியும் நம் கண்ணிற் படுவது ஒரு கோலமேயன்றி ஒரு முகமன்று. ஒரே உடை, ஒரே அசைவு என்பதே குழுவாடலின் இலக்கணம். அதில் ஒருத்தி தன் மெய்ப்பாட்டைத் தனித்துக் காட்டுவாளாயின் அது குற்றமாகும். ஒளிப்படக் கருவி அண்மையில் வந்து முகத்தைக் காட்டுவது தலைவிக்கே. எனவே குழுவாடல் மகளிர் நடிப்பறியாதவர் அல்லர். நடிப்பை அடக்கிக்கொள்ளப் பயின்றவர் என்பதே பொருத்தமாகும்.

இவ்வெல்லையைக் கடந்தவருள் சேலத்தைச் சேர்ந்த ஏ. சகுந்தலா குறிப்பிடத்தக்கவர். நடனக் குழுவில் ஆடும் மகளிருள் ஒருவராகத் திரையுலகிற் புகுந்த இவர், மாடர்ன் தியேட்டர்ஸ் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் ஜெய்சங்கருக்கு இணையாகக் கதைத்தலைவி ஆனார். அது முதல் ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்பதே அவர் பெயராயிற்று. மாதவிக்குத் தலைக்கோற் பட்டம் அரசன் அளித்தான். இவர்க்கோ ஒரு படத்தின் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்டது. எனினும் தலைவி வேடங்கள் தொடர்ந்து வந்தில. ‘வசந்த மாளிகை’ (1972) போன்ற படங்களில் ஆடலோடு கூடிய சிறு வேடங்களே மிகுதியும் வாய்த்தன. பின்னாளில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்த இவர் 2024 செப்டம்பரில் பெங்களூரில் மறைந்தார்.

வடபுலத்து ஹெலன் வரலாறும் ஒப்பிடத்தக்கது. 1938இல் இரங்கூனிற் பிறந்து, போர்க்காலத்தில் பர்மாவினின்று கால்நடையாக இந்தியாவுக்குத் தப்பி வந்தவர் அவர். குக்கூ என்னும் ஆடல் நடிகை துணைபுரிய, 1951ஆம் ஆண்டின் ‘ஆவாரா’ முதலிய படங்களில் குழுவில் ஆடினார். 1958இல் ‘ஹௌரா பிரிட்ஜ்’ அவருக்குப் பெயரளித்தது. அதே ஆண்டில் தமிழ் ‘உத்தமபுத்திர’னிலும் ஆடினார். ஆயினும் நடிப்புக்கெனப் பிலிம்பேர் விருது கிடைத்தது ‘லஹூ கே தோ ரங்’ (1979) படத்திற்கே. ஆடலுக்கும் அவ்விருதுக்கும் இடையே ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்றன. 2009இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது.

இவ்விரு வரலாறுகளாலும் ஓருண்மை புலனாகின்றது. குழுவினின்று முன்வந்த பின்னும் ‘ஆடுபவள்’ என்னும் முத்திரை நீங்குவதில்லை. கவர்ச்சி, சூழ்ச்சி, களியாட்டம் ஆகிய வேடங்கள் அவர்க்கென்றே ஒதுக்கப்பட்டன. கற்பும் கண்ணீரும் வேறொருத்திக்கு உரியவாயின. ஆடலையும் நடிப்பையும் பிரித்த அறியாமையோடு, ஆடும் மகளிரை ஐயுறும் சமுதாய நோக்கும் இதற்குக் காரணமாம்.

முடிபு

குழுவாடல் மகளிர் நடிகையராவது கலை மாற்றமன்று. பெயரின்மையினின்று பெயருடைமைக்குச் செல்லும் நிலை மாற்றமே ஆகும். மாதரி எழுவர்க்கும் பெயரிட்டாள். நம் திரைப்படங்களோ பலவிடத்தும் ‘குழுவினர்’ என்னும் ஒரு சொல்லால் பலரை மறைத்தன. முன்வந்த ஒருவர் இருவர் வரலாற்றை மட்டும் எழுதி அமைவோமாயின் நாமும் அதே குறையைச் செய்தவராவோம். பழைய படங்களின் பின்வரிசையில் ஆடியவர் பலர் இன்று முதுமையுற்றிருப்பர். மதுரை வட்டாரத்து மேடைகளில் ஆடிய மகளிரும் அத்தகையரே. அவர்தம் பயிற்சி முறை, ஊதியம், வாழ்க்கை நினைவு ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். காலம் தாழ்ப்பின் கேட்டறிதற்கு ஒருவரும் இரார்.