திருத்தப்படாத தெரு நிழற்படங்கள்

வண்ணப்படம் எளிதிற் கிடைக்கும் இக்காலத்திலும், தெருவின் வாழ்வைக் கறுப்பு வெள்ளைப் பிலிமிற் பிடித்து, வெட்டாதும் திருத்தாதும் அச்சிட விழைவோர் உளர். எந்திரமே படத்தைச் செப்பஞ்செய்து தரும் வேளையில் இவ்விழைவு எதனால் எழுகின்றது என்பது ஆராயத்தக்கது.

இவ்வழக்கத்துக்குப் பெரிதும் துணைசெய்தது 1925ஆம் ஆண்டில் செருமனியில் அறிமுகமான லைக்கா என்னும் சிறு கருவி. முக்காலியின்றிக் கையிலேந்தி, ஒரே சுருளில் 36 படங்கள் எடுத்துவிடலாம். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் (1908–2004) இக்கருவியின் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொண்டு தெருக்களில் உலாவினார். படத்தின் அமைப்பு முழுவதும் கருவியின் சாளரத்தினூடாக நோக்கும் கணத்திலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும். பின்னர் ஓரங்களை வெட்டுதல் அத்தீர்மானத்தைக் குலைக்கும் என்பது அவர் கொள்கை. ஆதலின் அவருடைய படங்கள் பலவற்றைச் சூழ்ந்து எதிர்ப்படத்தின் விளிம்பு கறுப்புக் கோடாய் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றும் வெட்டப்படவில்லை என்பதற்கு அக்கோடே சாட்சி.

ஆயினும் அவர் புகழை நிலைநாட்டிய படங்களுள் ஒன்று இவ்விதிக்கு அடங்கவில்லை. 1932இல் பாரிசிலுள்ள சென் லசார் புகைவண்டி நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிப் பாயும் ஒருவனை வேலிப் பலகைகளின் இடைவெளியூடாக அவர் படம்பிடித்தார். பலகை படத்தின் இடப்புறத்தை மறைத்துவிட்டது. அப்பகுதியை வெட்டியே அச்சிட நேர்ந்தது. பாய்பவனின் குதிகால் நீரைத் தொடுமுன் நிற்கின்றது. பின்னாலுள்ள சுவரொட்டியில் ஓர் ஆடலுருவமும் அவ்வாறே பாய்கின்றது. இப்பொருத்தத்தை எந்த வெட்டும் உண்டாக்கியிருக்க இயலாது. கொள்கை வழுவியதெனினும் படம் வழுவவில்லை எனலாம்.

நிறமின்மையும் ஒருவகை மாற்றமே. கண் உலகைக் கறுப்பு வெள்ளையிற் காண்பதில்லை. படத்திற் புலனாகும் மணிமணியான சொரசொரப்பும், மங்கலொளிக்கேற்ற பிலிமிலுள்ள பெரிய வெள்ளியுப்புப் பளிங்குகளால் விளைவது. இவற்றை உண்மையின் அடையாளமாகக் கொள்வது, செய்தித்தாட் படங்களை நெடுங்காலம் அவ்வுருவிற் கண்ட பழக்கத்தாலாயது. ஆனால் நிறம் நீங்கவே நிழலும் சைகையும் முகக்குறிப்பும் முன்வந்து நிற்கின்றனவே, அது வெறும் பழக்கமென்று தள்ளத்தக்கதன்று.

முற்றிலும் தெரிவு செய்யப்படாத படம் உண்டோ? அமெரிக்கராகிய கரி வினோகிராண்ட், படமெடுத்த வேளையின் உணர்ச்சி தணியும்வரை சுருள்களை நெடுநாள் கழுவாமலே வைத்திருப்பார். 1984இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 2,500 சுருள்கள் கழுவப்படாது எஞ்சியிருந்தன. அவர் ஒருபோதும் காணாத அப்படங்களிற் சில 1988இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பெற்றன. அவற்றைத் தெரிந்தெடுத்தவர் அக்காட்சிச்சாலையைச் சேர்ந்த ஜோன் சார்க்கோவ்ஸ்கி.