நகல் வீலின் முதுகைப் பாருங்கள்

டொயோட்டா 86 போன்ற இருகதவு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் ஆசைப்படுவது, ஜப்பானின் ரேஸ் (Rays) நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டிஇ37 அலாய் வீலுக்கு. 15 அங்குல அளவில் அதன் எடை 3.7 கிலோதான், பெயரில் உள்ள 37 அதைத்தான் குறிக்கிறது. விலையோ மிக அதிகம். அதனால் அதே ஆறு ஸ்போக்குகளோடு மலிவாக வரும் நகல்களை மக்கள் நாடுகிறார்கள். அப்படித் தேடுவதில் தவறில்லை. ஆனால் அசலைவிட எடை கூடிய நகலே நம்பத் தகுந்தது என்பது என் வாதம். அசல் வீல், அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்கியது. அந்த அழுத்தத்தில் உலோகத்தின் உள்ளமைப்பு நெருங்கி வலுவாகிறது. அதனால்தான் ஸ்போக் மெலிந்திருந்தும் தாங்குகிறது. நகலோ பெரும்பாலும் உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பு. அதனுள் நுண்துளைகள் தங்கிவிடக்கூடும். அதே பலம் வேண்டுமென்றால் ஸ்போக்கைத் தடிப்பாக்கியே ஆகவேண்டும். தடிப்பாக்காமல், அசலின் எடைக்கே வார்த்துத் தருவதாகச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை.

கார் கம்பெனி பொருத்தித் தரும் வீல்களும் பெரும்பாலும் வார்ப்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவை வார்ப்புக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வேறொரு முறைக்கு உருவான வடிவத்தைக் கடன் வாங்கியவை அல்ல. எடை கூடினால் சஸ்பென்ஷனின் துடிப்பு மங்குமே என்பது இன்னொரு ஆட்சேபம். மங்கும்தான், ஆனாலும் குழியில் இறங்கும்போது விரிசல் விடாத வீலுக்காக அன்றாடச் சாலையில் அந்தச் சிறு இழப்பை ஏற்கலாம். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வெப்பமும் பக்கவாட்டு விசையும் பன்மடங்கு. அதற்கு மலிவான நகலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது வீலைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஒரு வீல் தாங்கும் எடை அங்கே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். காரின் ஓர் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையில் பாதிக்கு அது குறையக் கூடாது. ஜேடபிள்யூஎல் முத்திரை, வளைவு, சுமை, மோதல் ஆகிய ஜப்பானியச் சோதனைகளைக் குறிக்கும்; ஆனால் அதைத் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்கிறார். விஐஏ முத்திரையும் உடன் இருந்தால், தனி அமைப்பு ஒன்றும் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். அடுத்தது பொருத்தம். 86-க்கு 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள், நடுத்துளை 56.1 மி.மீ. கடை வீல்களில் பலவற்றின் துளை 73.1 மி.மீ. என்பதால், இடைவெளியை நிரப்பும் வளையமும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் வீல் நடுவில் உட்காராமல் ஸ்டீயரிங் அதிரும்.

வடிவத்தைத் திருடுவதுதானே இது என்ற கேள்விக்கு என்னிடம் மறுப்பில்லை. நகலைத் தவிர்க்க விரும்புபவர் என்கெய் நிறுவனத்தின் ஆர்பிஎஃப்1-ஐப் பார்க்கலாம். அது வார்ப்புதான், ஆனால் விளிம்பை உருளைகளால் அழுத்தி நீட்டுவதால் மெலிந்தும் வலுவாகவும் இருக்கிறது, வடிவமும் அவர்களுடையதே.