மான் தொடாத இலை

மாலையில் அவரைக் கொடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுப் படுத்தார் அந்த அம்மாள். காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் கொடியைக் காணோம். நட்ட குச்சிகள்தான் நிற்கின்றன! பக்கத்தில் முளைக்கீரைப் பாத்தியும் மொட்டை.

திருட்டு நடந்த இடம் மாயவரம் அல்ல, வாசகர்களே. அமெரிக்காவில் நியூஜெர்சி. மகன் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போனவர் அவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. கொல்லைப்புறத் தோட்டம் ஒன்றுதான் அவருக்குக் கதி. அதிலும் மண் விழுந்தால் எப்படியிருக்கும்?

திருடன் வெள்ளைவால் மான். இலை நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தால் முயலின் வேலை. நார் நாராகக் கிழிந்திருந்தால் மானின் வேலை. மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. கடித்து இழுக்கத்தான் முடியும். 1900-ஐ ஒட்டி வேட்டையினால் அமெரிக்கா முழுவதிலும் சுமார் 5 லட்சம் மான்களே மிஞ்சியிருந்தன. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. பல இடங்களில் ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாமற் போயின. இன்று மான்கள் சுமார் 3 கோடி! வேலி போடலாமே என்கிறீர்களா? எட்டடி உயரமாவது வேண்டும். அதற்கு ஆகிற செலவில் ஆயுள் முழுவதும் அவரைக்காய் வாங்கிவிடலாம்.

அம்மாள் ஒன்றைக் கவனித்தார். எல்லாம் போன தோட்டத்தில் புதினா மட்டும் ஓர் இலை குறையாமல் நின்றது. அவருக்கு ஊர் ஆடாதொடை நினைவு வந்தது. ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? ஆடு தொடாததை வேலியில் வைத்தவர்கள் நாம். மான் தொடாததைத் தோட்டத்தில் வைத்தால் என்ன?

விஷயம் இருக்கிறது இதில். மானும் ஆட்டைப் போல அசை போடும் பிராணி. தின்றதை அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் முதலில் பக்குவப்படுத்துகின்றன. வாசனை இலைகளிலுள்ள எண்ணெய் மிகுந்தால் அந்த நுண்ணுயிர்களுக்கே ஆபத்து. காட்டுச் செடி ஒன்றின் எண்ணெயை வைத்து 1964-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினார்கள். நமக்கு மணமாக இருப்பது மானுக்கு வயிற்று வலி!

புதினாவுக்குத் துணையாக ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ, சேஜ், லாவெண்டர் எல்லாம் வைத்தார் அம்மாள். சேஜ் இலையில் மணத்தோடு சொரசொரப்பும் உண்டு. அதுவும் மானுக்குப் பிடிக்காது. இவற்றுக்கு நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உரத்தை வாரிக் கொட்டாதீர்கள். கொழுகொழுவென்று வளர்ந்தால் மணம் குறையும், இளசாகவும் இருக்கும். மானுக்குக் கொண்டாட்டம். புதினாவை மட்டும் தொட்டியில் வைப்பது உத்தமம். இல்லாவிட்டால் மானுக்குப் பதில் அதுவே தோட்டத்தை விழுங்கிவிடும்.

ஒரு ஜாக்கிரதை. மான் தொடவே தொடாத செடி என்று எதுவும் கிடையாது. நியூஜெர்சியின் ரட்கர்ஸ் சர்வகலாசாலை செடிகளை நான்கு வகையாகப் பிரித்துப் பட்டியல் தந்திருக்கிறது. முதல் வகைக்குக்கூட 'அரிதாகவே சேதமாகும்' என்றுதான் பெயர், 'சேதமாகாது' என்றல்ல. பனிக்காலத்தில் பசி வந்துவிட்டால் மானுக்கு மணம் ஏது, குணம் ஏது? ஊர் தெரியாத குட்டிகள் எதையும் ஒரு வாய் கடித்துத்தான் பார்க்கும். வாசனைச் செடியை ஓரமாக நட்டால் உள்ளே இருக்கும் அவரை பிழைக்கும் என்றும் சிலர் சொல்வார்கள். அதை முழுக்க நம்பாதீர்கள். அம்மாள் நம்பினார், இரண்டாவது அவரையும் போயிற்று.

மூன்றாவது விதையை மாடித் தாழ்வாரத்துத் தொட்டியில் போட்டார். மான் எட்டடி தாண்டும். படியேறிக் கதவைத் திறக்காது! அக்டோபரில் ஊர் திரும்புமுன் ஒரு கூட்டுக்குக் காய் கிடைத்தது. ரோஸ்மேரி அந்தக் குளிரைத் தாங்காது என்று அதைத் தொட்டிக்கு மாற்றி வீட்டுக்குள் வைத்தார். வாரம் ஒரு முறை மறக்காமல் தண்ணீர் விடும்படி மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.