நார்த்தூளில் ஒரு நாற்றங்கால்

நுழையும்முன்

தேங்காயின் பருப்பும் நீரும் உணவாகின்றன, சிரட்டை அகப்பையாகிறது, நார் கயிறாகத் திரிக்கப்படுகிறது. எஞ்சி உதிரும் பழுப்புநிறத் தூளை மட்டும் நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. இன்று அத்தூள், மண்ணின்றிப் பயிர் வளர்ப்போர் விரும்பி நாடும் பொருளாகியுள்ளது. ஒருபிடித் தூளைத் தேர்ந்தெடுப்பதிலும் அறிவியல் உண்டு என்பதை இவ்வுரைநடை விளக்குகிறது.

முளைப்பாலிகையும் நுண்கீரையும்

சிறு கலத்தில் விதைகளை நெருக்கமாகத் தூவி முளைக்கச் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல், கண்ணகி கோவலன் திருமணத்தில் முளைப்பாலிகை ஏந்திய மகளிரைக் காட்டுகிறது. அம்மன் கோயில் விழாக்களில் முளைப்பாரி எடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. முளைப்பாரி செழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. விதையின் முளைப்புத்திறனை முன்னரே அறிந்துகொள்ளவும் அவ்வழக்கம் உதவியது.

முளைப்பாரி நீர்நிலையில் கரைக்கப்படும், நுண்கீரையோ உண்ணப்படும். கடைகளில் ‘மைக்ரோகிரீன்ஸ்’ என விற்கப்படுவது இதுவே. விதையிலைகள் விரிந்து முதல் மெய்யிலை தலைகாட்டும் பருவத்தில், ஏறத்தாழ 7 முதல் 14 நாள்களுக்குள் வேருக்கு மேலே அறுத்தெடுக்கப்படும் இளம்பயிரே நுண்கீரை. முளைகட்டிய பயறு வேரோடும் விதையோடும் உண்ணப்படுவது. அதற்குத் தளம் தேவையில்லை. நுண்கீரைக்கோ ஒளியும், வேர் பற்றி நிற்க ஒரு தளமும் வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்நாட்டு வேளாண்துறை அறிஞர்களும் 25 வகை நுண்கீரைகளை ஆய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் பலவற்றில், முதிர்ந்த இலைகளில் உள்ளதைவிட வைட்டமின்கள் செறிந்திருந்தன. எனினும், ஒருவேளைக்கு உண்ணும் அளவு சிறிதே. ஆதலின் நுண்கீரை அன்றாடக் கீரைக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகாது.

விதைக்குத் தளம் தருவது என்ன?

இளம்பயிர் தன் முதல் சில நாள்களுக்கான உணவை விதையிலைகளிலேயே சேமித்து வைத்துள்ளது. எனவே, தளம் ஊட்டம் தர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஈரமும் காற்றும் வேருக்குப் பிடிப்பும் தந்தால் போதும். தென்னை நார்த்தூள் இம்மூன்றையும் தருகிறது. பஞ்சு போன்ற அதன் நுண்ணறைகள் தம் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரை ஈர்த்துக்கொள்கின்றன. துகள்களின் இடைவெளிகளில் காற்றும் தங்குகிறது. ஊட்டம் மிகக் குறைவு என்னும் நார்த்தூளின் குறை, பத்துநாள் பயிருக்குக் குறையாவதில்லை.

மேலை நாடுகளில் இப்பணிக்கு நெடுங்காலமாகப் ‘பீட்’ எனப்படும் சதுப்புநிலக் கரிமண் தோண்டியெடுக்கப்பட்டு வந்தது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ள அச்சதுப்புநிலங்கள், உலகக் காடுகளின் தாவரங்கள் அனைத்தையும்விட மிகுதியான கரிமத்தைத் தேக்கி வைத்துள்ளன. அம்மண் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஒருநாளில் தோண்டியதை ஈடுசெய்ய நூற்றாண்டுகள் ஆகும். நார்த்தூளோ தேங்காய் காய்க்குந்தோறும் கிடைப்பது. ஆதலின் உலகம் அதன்பால் திரும்பியது.

ஆங்கிலத்தில் நாரைக் குறிக்கும் ‘காயர்’ என்னும் சொல்லே, கயிறு என்னும் திராவிடச் சொல்லிலிருந்து மலையாள வழக்கின் வழியே சென்றதாகும். சொல்லும் பொருளும் நம் மண்ணிலிருந்தே சென்றிருந்தும், தூளை மட்டும் நாம் கழிவு என்றே அழைத்தோம். அதற்குக் காரணமும் இருந்தது. லிக்னின் என்னும் கடினப்பொருள் மிகுந்த அத்தூள் எளிதில் மட்குவதில்லை. நார் ஆலைகளைச் சுற்றி அது குன்றெனக் குவிந்தது. மழையில் கரைந்திறங்கிய டேனின் நிலத்தையும் நீரையும் கெடுத்தது.

கண்ணுக்குப் புலனாகாத உப்பு

எல்லா நார்த்தூளும் விதைக்கு ஏற்றதன்று. தென்னை இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு ஆகியவற்றை மட்டையில் சேர்த்து வைக்கும் மரம். கடலோரக் காயல்களில் பல மாதங்கள் மட்டையை ஊறவைத்து நார் எடுக்கும் மரபுமுறையில் உப்பு மேலும் ஏறும். உப்பு மிகுந்த தூளில் எவ்வளவு ஈரம் இருப்பினும் விதையால் அதனை உறிஞ்ச இயலாது. நீரின் நடுவே விதை தாகத்தால் வாடும். முளைப்புக் குறையும், முளைத்தவற்றின் இலைநுனி கருகும்.

தூளைவிட விதையே விலை மிக்கது. மலிவான தூளை வாங்கிச் சில உரூபாய் மிச்சப்படுத்துவோர், அதில் தூவிய விதை முழுவதையும் இழக்க நேரிடும். சிறு முதலீட்டில் நுண்கீரை வளர்க்க முனையும் குடும்பத்திற்கு இது பேரிழப்பாகும்.

கழுவினால் உப்பு நீங்கும். ஆனால், எந்த நீரால் கழுவுவது என்னும் வினா எழுகிறது. பண்டு தகடூர் என வழங்கிய தருமபுரி மாவட்ட மக்கள் இவ்வினாவின் அருமையை நன்கறிவர். அங்குப் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்துள்ளது. பார்வைக்குத் தெளிந்திருந்த அந்நீர் பல்லையும் எலும்பையும் தாக்கியது. இதற்குத் தீர்வாக, காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நீரின் தெளிவு அதன் தூய்மைக்குச் சான்றாகாது என்பது தருமபுரி கற்ற பாடம்.

அப்பாடம் நார்த்தூளுக்கும் பொருந்தும். தூளை ஊறவைத்து வடித்தால் முதலில் தேநீர் நிறத்தில் நீர் இறங்கும். மீண்டும் மீண்டும் கழுவ நிறம் வெளிறும். நிறம் தருவது டேனின், உப்புக்கு நிறமில்லை. எனவே, வடிநீர் தெளிந்தவுடன் உப்பும் நீங்கிவிட்டது எனக் கருதுதல் பிழையாகும். கழுவும் நீரே உப்புநீராயின், எத்தனை முறை கழுவினும் பயன் குறைவே. தருமபுரி போன்ற கடினநீர்ப் பகுதிகளில், கூரையிலிருந்து சேமித்த மழைநீரால் இறுதிக் கழுவலைச் செய்வது சிறந்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

சந்தையில் நார்த்தூள் ‘கோகோபீட்’ என்னும் பெயரில் அழுத்திய கட்டிகளாகக் கிடைக்கிறது. நார்ச்சில்லு, நார்விரிப்பு, மட்கிய நார்த்தூள் ஆகியனவும் உண்டு. சில்லு பருமனானது, சிறு விதைகள் அதன் இடுக்கில் விழுந்து மறையும். மட்கிய தூள் நெடுநாள் பயிர்களுக்கு உரியது. விரிப்பு தூய்மையானது, ஆயினும் விரைவில் உலரும். கழுவி, சலித்து, நீளநார் நீக்கிய நுண்தூளே நுண்கீரைக்கு மிகப் பொருத்தமானது. உறையில் மின்கடத்துதிறன் குறிக்கப்பட்டிருப்பின், அது சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்சுக்கு மிகாதிருத்தல் நன்று. புளித்த நாற்றமோ பூசணமோ உடைய தூளைத் தவிர்க்க வேண்டும்.

அளவுக்கருவி இல்லாதோருக்கு விதையே கருவியாகும். ஒரே வகை விதையில் நூறு நூறாக இரு பங்கு எடுத்து, ஒன்றை ஈரத்துணியிலும் மற்றொன்றைத் தூளிலும் இட்டு, இரண்டிற்கும் மழைநீரையே தெளிக்க வேண்டும். நான்கு நாள்களில் துணியில் தொண்ணூறும் தூளில் அறுபதும் முளைப்பின் குறை தூளில் உள்ளது. இரண்டிலும் முளைப்புக் குறைவாயின் குறை விதையில் உள்ளது. பல நாள் உழைப்பையும் விதைச்செலவையும் இச்சிறு சோதனை காக்கும்.

தேர்ந்த தூளைத் தட்டில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பினால் போதும். பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் ஈரமே உரிய பதம். நீர் மிகுந்தால் காற்று வெளியேறும்; நாற்றழுகல் நோய் தோன்றும்.

விதையிலும் விழிப்பு வேண்டும். கடுகு, வெந்தயம், பச்சைப்பயறு, தண்டுக்கீரை, முள்ளங்கி ஆகியன ஏற்றவை. மருந்து கலந்த விதைப்பு விதைகளை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. பாலக்கோட்டுப் பகுதியில் மிகுதியாக விளையும் தக்காளியின் நாற்றும், கத்தரி, மிளகாய் நாற்றுகளும் நச்சுத்தன்மை உடையவை. அவற்றை நுண்கீரையாக உண்ணுதல் கூடாது.

அறுவடைக்குப் பின்

கீரை அறுத்தபின் தட்டில் எஞ்சும் வேர்ப்பின்னலும் தூளும் மட்குக்குழிக்கு உரியவை. மட்கிய பின் அவை தோட்டத்திற்கு உரமாகும். மானாவாரி நிலத்தில் ஈரத்தைக் காக்கும். தென்னையடியில் அவற்றை இட்டால், மரம் தந்தது மரத்தையே சென்றடையும். கழிவு என்பது பொருளின் இயல்பன்று. அதனைப் பயன்படுத்தும் அறிவு வாய்க்காத காலத்தில் நாம் அதற்கு இட்ட பெயரே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

நார்த்தூளை மட்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்தால், ஏறத்தாழ 60 நாள்களில் அது மட்கி எருவாகும். 112:1 என்றிருந்த கரிம, தழைச்சத்து விகிதம் 24:1 ஆகக் குறையும்.

கற்பவை கற்றபின்

1. ஈரத்துணியிலும் கழுவிய நார்த்தூளிலும் கழுவாத நார்த்தூளிலும் கடுகு விதைத்து, முளைப்பினை நாள்தோறும் அட்டவணைப்படுத்துக.
2. தென்னையின் உறுப்புகளைக் குறிக்கும் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.